நவம்பரோடு முடிந்துவிடுவதில்லை தில்லியின் புகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இமயமலைப் பனிப்பாறைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகள் பெரும்பாலும் வெள்ளம் வந்த மறுநாள் வருபவையாகவே இருக்கின்றன. ஆண்டு முழுவதும் ஓசையின்றி நடக்கும் கரைவும், அதில் தில்லிவாசிகளான நமது புகைக்குள்ள பங்கும் எழுதப்படுவதில்லை.

மயூர் விஹார் போன்ற கிழக்குத் தில்லிப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது எங்கோ நடக்கும் சங்கதி அன்று. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்ததில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அந்தச் சேறு சில நாள்களில் மேல் கங்கைக் கால்வாய் வழியாக இங்கு வந்து சேர்ந்தது. கலங்கல் மிகுந்து, சோனியா விஹார், பாகீரதி குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் முழுத் திறனில் இயங்க முடியாமல் போயின.

கங்கையே வற்றிவிடும் என்று சிலர் அச்சுறுத்துவது மிகை. அதன் பெருநீர் பருவமழையின் கொடை. மழைக்கு முந்தைய வறண்ட மாதங்களில் ஆற்றைத் தாங்குவதுதான் பனிப்பாறையின் பணி, அந்தப் பங்கும் சமவெளியை எட்டுமுன் சுருங்கிவிடுகிறது. மலையிலோ அதுவே பிழைப்பு. மழை அரிதான லடாக்கிலும் இமாசலத்தின் ஸ்பிதியிலும் பார்லியும் பட்டாணியும் உருகுநீர் வாய்க்கால்களை நம்பியே விளைகின்றன. தாழ்வான இடத்துச் சிறு பனிப்பாறை கரைந்துபோன ஊரில், விதைக்கும் நேரத்தில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். உயரத்துப் பனி உருகிப் பிறகு வரும் நீரால் அந்த விதைப்புக்குப் பயனில்லை. லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் செவாங் நோர்பெல், குளிர்கால ஓடைநீரை ஊருக்கு அருகிலேயே மடக்கி உறையவைத்தது இந்த இடைவெளியை நிரப்பத்தான். பரல் எனப்படும் மலைக்காட்டு ஆடுகளுக்கும், அவற்றை இரைகொள்ளும் பனிச்சிறுத்தைக்கும் அப்படி மடை கட்டித் தருவார் யாருமில்லை.

புவி வெப்பமாதல் உலகத்தின் குற்றம் என்று நாம் கைகழுவிவிடவும் முடியாது. புதுப்பனி தன்மீது விழும் வெயிலில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பியனுப்பிவிடும். டீசல் புகை, செங்கல் சூளை, வயல்களில் அறுவடைத் தாள் எரிப்பு ஆகியவற்றின் கரித்துகள் படிந்த இடமோ சூடேறி, சிறு குழியாக உள்ளிறங்கி, கறுத்த அடியோடு நீர் தேங்கி நிற்கும். குளிர்காலத்தில் தரையோடு தங்கும் சமவெளிப் புகை, ஏப்ரல், மே மாதங்களில் சூடான காற்றோடு மேலெழுந்து இமயச் சரிவுகளை எட்டுகிறது. நவம்பரில் முகக்கவசம் அணிந்து கொதிக்கும் நாம், ஹோலிக்குப் பிறகு இதைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. இத்தனைக்கும், கரியமில வாயுவைப் போல நூற்றாண்டுக் கணக்கில் தங்காமல் ஓரிரு வாரங்களில் காற்றிலிருந்து இறங்கிவிடுவது கரித்துகள். குறைத்தால் பலன் விரைவில் தெரியும்.

இந்துகுஷ்-இமயப் பனிப்பாறைகள் 2011 முதல் 2020 வரை, முந்தைய பத்தாண்டைவிட 65 விழுக்காடு விரைவாகக் கரைந்ததாகக் காத்மாண்டுவின் பன்னாட்டு ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டு மையம் 2023-இல் தெரிவித்தது. ஆகவே கோதுமைத் தாள் எரிப்பையும் சூளைப் புகையையும், நவம்பரில் காட்டும் அதே கண்டிப்போடு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும் அரசுகள் கட்டுப்படுத்த வேண்டும். கோடை மின்வெட்டின்போது நம் குடியிருப்புகளில் மணிக்கணக்கில் ஓடும் டீசல் ஜெனரேட்டர்களும் இதில் அடங்கும். தங்கள் நாளிதழும் காற்றுத் தரக் குறியீட்டைக் கோடையிலும் நாள்தோறும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மயூர் விஹார், தில்லி.