எந்த உப்பு மண்ணுக்கு ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'மண்ணியலின் அடிப்படையும் நீர் மேலாண்மையும் தெரியாமல் பயிர் செய்வதால்தான் கடலோர விவசாயிகள் நட்டப்படுகிறார்கள்' என்று சென்ற வார வேளாண் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அதே கட்டுரையில் நான்கு வரி தள்ளி, 'உப்பு மண்ணா? ஜிப்சம் போடுங்கள்' என்றும் இருந்தது.

எந்த உப்பு மண்ணுக்கு ஐயா? களருக்கா, உவருக்கா? சோடியம் ஏறி, கார அமில நிலை 8.5-ஐத் தாண்டி, நனைந்தால் சேறாகவும் காய்ந்தால் கட்டாந்தரையாகவும் ஆகிற களருக்குத்தான் ஜிப்சம். என் நிலம் உவர், தண்ணீரில் கரையும் உப்பு தேங்கிய மண். நல்ல தண்ணீரைக் கட்டி வடித்து, மறுபடி கட்டி வடித்துத்தான் உப்பை இறக்க முடியும். ஜிப்சமும் ஓர் உப்புதான். தங்களுக்குத் தெரியாததா, அச்சுக்குப் போகும் அவசரத்தில் விட்டுப்போயிருக்கும்.

சரி, நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கோடையில் வெள்ளாற்றில் கடல் தண்ணீர் ஏறிவிடுகிறது. போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் வேண்டிய அளவு நிற்கும், வடியத்தான் வழியில்லை. வடிகால் வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. தூர்வாரக் கேட்டுக் கொடுத்த மனு 2015 வெள்ளத்துக்கு முன்பிருந்தே பரிசீலனையில் இருக்கிறது. வாய்க்காலும் நீர் மேலாண்மையில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம், மண்ணைச் சோதித்து அரசு தருகிற மண்வள அட்டை. பத்திரமாக வைத்திருக்கிறேன். பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. எனக்கு இருப்பதோ ஒன்றரை ஏக்கர். யார் வயலில் எடுத்த மண்ணோ, அட்டையில் என் பெயர் இருக்கிறது. அதுவும் அறுவடை முடிந்து கைக்கு வந்தது.

நானே எடுத்துப் பார்த்தேன். வரப்போரம், மர நிழல், எருக்குவித்த இடம் எல்லாம் தவிர்த்து, 'வி' வடிவில் அரையடிக் குழி வெட்டி, பக்கவாட்டில் சீவி, பல இடத்து மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்கி, துணிப்பையில் கட்டிக்கொண்டு வேளாண் அலுவலகத்துக்குப் போனேன். "ஐயா மண் பரிசோதனை முகாமுக்குப் போயிருக்கார்" என்றார்கள். எந்த ஊரில் முகாம் என்று கேட்டேன். "நாளைக்குப் பேப்பர்ல வரும், பாருங்க."

வந்தது. உங்கள் பேப்பரில்தான், நாலு பத்திப் படத்தோடு. மாலை போட்ட ஒருவர் கையில் ஒரு பிடி மண்.

நடமாடும் மண் பரிசோதனை வண்டி எந்த ஊருக்கு என்றைக்கு வருகிறது என்பதை முதல் நாளே இரண்டு வரியில் போடுங்கள். படம் வேண்டாம். ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பரங்கிப்பேட்டை வட்டாரம், கடலூர் மாவட்டம்.