கருப்பையில் விட்ட மருந்து பாலில் வரும்

ஆசிரியருக்கு,

கன்று ஈன்று 12 மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழாத பசுவுக்கு, கையைவிட்டுப் பிய்த்தெடுத்து, உள்ளே ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை விடுவது இன்றும் நடக்கிறது. பிய்த்தால் கருப்பைச் சுவர் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். விட்ட மருந்தும் அங்கேயே நிற்காது. ரத்தத்தில் ஏறி நான்கு காம்பிலும் இறங்கும். 'மடிக்குள் மருந்து ஏற்றவில்லையே' என்று அந்தப் பாலைச் சொசைட்டியில் ஊற்றுகிறார்கள். காய்ச்சினாலும் மருந்து முழுதாகப் போகாது. அளவு மிகுந்தால் உறைமோர் ஊற்றியும் தயிர் தோயாமல் நீராக நிற்கும்.

காய்ச்சல் 103 டிகிரியைத் தாண்டி, நாற்றத்தோடு செந்நீர் வடிந்தால் மருத்துவரை அழைத்து ஊசி போடுங்கள். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று லேபிளில் இல்லையென்றால் குறைந்தது 7 நாள் என்கிறது 2012-இல் வந்த மத்திய அரசு விதி. ஒரு மாடு வைத்திருப்பவருக்கு அந்த ஒரு வாரப் பால் பணம் பெரிது. அதைக் கூட்டுறவுச் சங்கங்கள் ஈடுகட்ட வேண்டும்.

– கால்நடை மருத்துவர் ஒருவர், ஈரோடு