கணக்கில் இன்னும் இரண்டு கட்டங்கள்: போயிங் 787 பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

போயிங் நிறுவனத்தின் 787 பயணிகள் விமானப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஒரு கணக்கு வெளியிடுகிறீர்கள். முந்தைய மாதத்தில் எத்தனை விமானங்களை யாரிடம் ஒப்படைத்தீர்கள், புதிதாக எத்தனைக்கு ஆணை வந்தது என்ற பட்டியல் அது. அதற்காகக் காத்திருக்கும் ஒரு கூட்டம் உலகம் முழுவதும் இருக்கிறது. விமானிகளோ பங்கு வாங்குபவர்களோ அல்ல, வெறும் ஆர்வலர்கள். ஒவ்வொரு விமானத்தின் வரிசை எண், கொட்டகையை விட்டு வெளியே வந்த நாள், வண்ணம் பூசிய நாள், முதன்முதலாகப் பறந்த நாள், வாடிக்கையாளர் ஓட்டிச் சென்ற நாள் என்று குறித்து வைப்பவர்கள். நானும் அதில் ஒருவன். வீட்டில் இதைப் பைத்தியம் என்கிறார்கள், நான் மறுப்பதில்லை.

உங்கள் கணக்கில் பொய் இல்லை. ஆனால் அதைப் படிப்பவருக்கு உண்மை கிடைப்பதில்லை என்பதுதான் என் வழக்கு.

787 வகையில் 2023-இல் 73 விமானங்களை ஒப்படைத்தீர்கள், 2024-இல் 51. பட்டியலை மட்டும் பார்ப்பவர் தொழிற்சாலை தளர்ந்துவிட்டது என்றுதான் நினைப்பார். நடந்தது வேறு. 2020-இல் உடற்பகுதிகள் இணையும் இடங்களில் அளவுக்கு மீறிய இடைவெளிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அங்கே அனுமதிக்கப்படும் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, ஏறக்குறைய ஒரு தாளின் கனம். 2021 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை ஒரு விமானம்கூட உங்கள் கையைவிட்டுப் போகவில்லை. 2021 முழுவதற்கும் சேர்த்தே 14தான். ஆனால் பொருத்தும் வேலை மெதுவாகவேனும் நடந்துகொண்டிருந்ததால், செய்து முடித்தவை நிறுத்துமிடங்களில் சேர்ந்து நூறைத் தாண்டின. பிறகு அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திருத்தினீர்கள். 2022 முடிவில் சுமார் நூறாக இருந்த அந்தக் கையிருப்பு 2023 முடிவில் சுமார் ஐம்பதாகக் குறைந்தது. அப்படியானால் அந்த 73-இல் பெரும்பகுதி பழைய சரக்கு. மறுவருடம் பழைய சரக்கு குறைந்தது. போதாக்குறைக்கு இருக்கைகளும் வெப்பமாற்றிகளும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. எண்ணிக்கை இறங்கியது.

குதிரில் கிடந்த பழைய நெல்லையும் இந்தப் போகம் அறுத்த நெல்லையும் ஒரே மரக்காலால் அளந்து, இதுதான் விளைச்சல் என்று சொன்னால் எங்கள் ஊரில் எந்தக் கணக்குப்பிள்ளையும் கையெழுத்துப் போடமாட்டார்.

நீங்கள் சொல்லாததை நாங்கள் எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்பதும் ஒரு வேடிக்கை. இறக்கைகள் ஜப்பானில் நகோயாவில் தயாராகின்றன. நடு உடலின் பகுதிகள் இத்தாலியின் குரொட்டாலியேவிலிருந்தும், மூக்குப் பகுதி அமெரிக்காவின் விச்சிட்டாவிலிருந்தும் வருகின்றன. இவற்றைச் சுமக்கவென்றே நான்கு பழைய 747-களின் வயிற்றைப் பெருக்கி ட்ரீம்லிஃப்டர் என்று பெயர் வைத்தீர்கள். அந்த நான்கும் எப்போது எங்கே கிளம்புகின்றன, எத்தனை தடவை வந்து போகின்றன என்று எண்ணினால், தென் கரோலினாவில் உள்ள உங்கள் சார்ல்ஸ்டன் தொழிற்சாலையில் மாதம் எத்தனை விமானம் பொருத்துகிறீர்கள் என்பது ஓரளவு பிடிபட்டுவிடும். சோதனைப் பறத்தல் முடிந்ததா என்பதை வானில் விமானம் தன்னை அடையாளம் சொல்லும் உங்கள் அழைப்புக் குறியே காட்டிக்கொடுக்கிறது. வேலிக்கு வெளியே நிற்பவன் எண்ணிவிடக்கூடியதைப் போட்டி நிறுவனத்திடமிருந்து மறைப்பதாக நீங்கள் சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது.

எண்ணிக்கைக்கும் நிலவரத்துக்கும் உள்ள இந்த இடைவெளி உங்கள் திட்டத்துடனேயே பிறந்தது. 2007 ஜூலை 8 அன்று சியாட்டிலுக்கு அருகே உங்கள் எவரெட் தொழிற்சாலையில் முதல் 787-ஐ உலகுக்குக் காட்டினீர்கள். அமெரிக்க வழக்கப்படி எழுதினால் அந்தத் தேதியே 7-8-7. கண்ணுக்கு அழகான விமானம்தான், ஆனால் உள்ளே வெறுங்கூடு. பல இடங்களில் தற்காலிக ஆணிகளே அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. அது பறந்தது 2009 டிசம்பர் 15-இல். 2008 மே மாதம் கிடைக்கவேண்டிய முதல் விமானம் ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸிடம் போய்ச் சேர்ந்தது 2011 செப்டம்பரில். அதுவும் வரிசையில் எட்டாவது. ஆறாவதாகச் செய்தது சோதனைகளில் உழைத்துவிட்டு, 2016-இல்தான் மெக்சிகோ அதிபருக்கான விமானமாகப் போனது. முதல் மூன்றையும் யாருக்கும் விற்க முடியவில்லை. மூன்றாவது இப்போது சியாட்டில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வரிசை எண்ணை மட்டும் வைத்து முன்னேற்றத்தை அளந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே பாருங்கள்.

இது வெறும் ஆர்வலர் குறை அல்ல. 27 விமானங்களுக்கு ஆணை கொடுத்த ஏர் இந்தியா 2008-இல் அவை வரத் தொடங்கும் என்று காத்திருந்தது. முதலாவது வந்தது 2012 செப்டம்பரில். சார்ல்ஸ்டனில் பொருத்தப்பட்ட முதல் 787-ஐ அடுத்த மாதம் பெற்றுக்கொண்டதும் அதே நிறுவனம்தான். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் எந்த ஊருக்குச் சேவை தொடங்குவது, எத்தனை விமானிகளைப் பயிற்சிக்கு அனுப்புவது என்ற திட்டங்கள் எல்லாம் உங்கள் தேதிகளோடு சேர்ந்தே நகர்ந்தன.

நான் கேட்பது சிறியது. செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் 787-க்கு நேராக இரண்டு கட்டங்கள் கூடுதலாகப் போடுங்கள். ஒப்படைத்தவற்றில் எத்தனை உற்பத்தி வரிசையிலிருந்து நேராகப் போனவை என்பது ஒன்று. செய்து முடித்தும் மாதக் கடைசியில் உங்கள் இடத்திலேயே நிற்பவை எத்தனை என்பது மற்றொன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலீட்டாளர்களிடம் பேசும்போது இதில் பாதியை நீங்களே சொல்லிவிடுகிறீர்கள், அதனால் புதிதாக எதையும் தோண்டவேண்டியதில்லை. மாதம் ஐந்து, மாதம் ஏழு என்று அறிவிக்கும் வேகம் வரிசை நகரும் வேகம்தானே தவிர, விமானம் வெளியே போகும் வேகம் அல்ல என்பதும் அப்போது எல்லோருக்கும் புரியும்.

எவரெட்டில் நடந்த திருத்த வேலை 2025 தொடக்கத்தில் முடிந்துவிட்டது. முன்பு நூறு என்று எழுதவேண்டியிருந்த இரண்டாவது கட்டத்தில் இன்று சிறிய எண்தான் வரும், அதை எழுத உங்களுக்குக் கூச்சம் இருக்கவேண்டியதில்லை. என் ஏட்டில் அந்த இரண்டு கட்டங்களையும் பென்சிலால் ஏற்கெனவே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வரிசை எண்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவன்