பெரிய வெள்ளிப் பிரசங்கம் பற்றிப் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் ஐயாமார்களுக்கும் குருவானவர்களுக்கும், ஸ்தோத்திரம்.

நான் 22 வருடங்களாக ஞாயிறு பள்ளி ஆசிரியை. பெரிய வெள்ளிக்குப் பிள்ளைகள் போடும் நாடகத்தை எழுதுவதும் நான்தான். "சிலுவையில் அறையும்" என்று கத்தும் கூட்டத்துக்குக் கறுப்புத் துண்டு கட்டிவிடுவேன். இயேசு, மரியாள், பேதுரு, யோவானுக்கு வெள்ளை. இந்த நால்வரும் யூதர்கள்தான் என்று பிள்ளைகளிடம் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. யூதர் என்றால் கறுப்புத் துண்டு என்றுதானே அவர்கள் மனதில் பதிந்திருக்கும்? இப்போது நினைத்தால் மனது வலிக்கிறது.

பிரசங்க பீடத்திலும் இதேதான் கேட்கிறது. "யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போய்விடுகிறோம். சிலுவை ரோமர்கள் கொடுத்த தண்டனை. விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் நாம் சொல்வதும் ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் பெயரைத்தான். "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக" என்று கூட்டம் சொல்லும் மத்தேயு 27:25ஐ வாசிக்கிறோம், விளக்காமல் விடுகிறோம். அதைச் சாக்காக வைத்து ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் யூதரை அடித்திருக்கிறார்கள். 1096இல் ரைன் நதிக்கரை ஊர்களில் யூதக் குடும்பங்களை வெட்டியவர்கள் சிலுவைப் போருக்குப் புறப்பட்டவர்கள். 1543இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் யூதர்களின் ஜெபாலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். 1938இல் ஜெர்மனியில் அவை கொளுந்துவிட்டு எரிந்தன. நாஜிகள் லூத்தரின் எழுத்தைத் தங்களுக்குச் சாட்சியாகக் காட்டினார்கள்.

வெள்ளைக்காரர் விவகாரம் என்று இதைத் தள்ளவும் முடியாது. மூலிகைகளைப் பற்றி நூல் எழுதிய மருத்துவர் கார்சியா தெ ஓர்த்தா கோவாவில் வாழ்ந்தார், யூத வம்சத்தவர். அவருடைய சகோதரி கத்தரீனாவை 1569இல் அங்கேயே திருச்சபை விசாரணை மன்றத்தின் தீர்ப்பின்படி எரித்துக் கொன்றார்கள். 1580இல் கார்சியாவின் எலும்புகளையும் தோண்டி எடுத்து எரித்தார்கள்.

அப்புறம் சபைகள் மனம் திரும்பின. இயேசுவின் மரணப் பழியை எல்லா யூதர்கள் மேலும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கச் சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. லூத்தரன் உலகக் கூட்டமைப்பு 1984இல் லூத்தரின் அந்த எழுத்துகளைத் தள்ளிவிட்டது. இது நம் பிரசங்க பீடம்வரை வந்து சேரவில்லை, அதுதான் என் ஆதங்கம்.

நல்ல பிரசங்கம் என்ன செய்யும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பிரான்சில் லெ ஷாம்போன் என்று ஒரு மலைக் கிராமம். நாடு நாஜிகளிடம் விழுந்த 1940 ஜூனில், மனசாட்சிக்கு விரோதமாக எதைக் கேட்டாலும் ஆவியின் ஆயுதங்களால் எதிர்த்து நிற்க வேண்டும் என்று போதகர் ஆந்த்ரே த்ரோக்மே சபையிடம் சொன்னார். அந்த விவசாயிகள் யூதப் பிள்ளைகளைத் தங்கள் வீடுகளில் ஒளித்து வைத்தார்கள். போதகரின் உறவினர் தானியேல் த்ரோக்மே, தன் பொறுப்பில் இருந்த மாணவர்களோடு பிடிபட்டு, 1944இல் நாஜிகளின் மைதானெக் வதை முகாமில் இறந்தார்.

நம் சபைகளில் இஸ்ரவேலுக்காக ஜெபிக்கிறோம், சரி. ஆனால் கடைசிக்கால அடையாளமாக மட்டும் அந்த ஜனங்களைப் பார்ப்பது அன்பாகாது. யூதரை நேசிக்கப் பாலஸ்தீனரை வெறுக்கவும் வேண்டியதில்லை; பெத்லகேமிலும் காசாவிலும் நம் விசுவாசச் சகோதரர்களே இருக்கிறார்கள். ஓர் அரசாங்கத்தைக் கேள்வி கேட்பது வேறு, ஓர் இனத்தையே சபிப்பது வேறு.

நான் கேட்பது சின்ன விஷயங்கள்தான். வரும் பெரிய வெள்ளியில் ரோமர் 11ஐயும் வாசியுங்கள். இஸ்ரவேல் என்ற வேர்தான் நம்மைச் சுமக்கிறது என்று பவுல் சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். யூத மதப் பிரிவு ஒன்றின் பெயரான "பரிசேயன்" என்பதை வசைச் சொல்லாக்க வேண்டாம். யூதர்கள் உலகத்தை ஆட்டிப்படைக்கிறார்கள் என்று சபை வாட்ஸ்அப் குழுவில் யாராவது அனுப்பினால், அங்கேயே தடுத்துப் பேசுங்கள். 2008இல் மும்பையில் யூத மையமான நரிமன் இல்லத்தில் ரபியையும் (யூத மதகுரு) அவர் மனைவியையும் பயங்கரவாதிகள் கொன்றபோது எத்தனை சபைகளில் அவர்களுக்காக வாய்விட்டு ஜெபித்தோம்? இனி ஒரு ஜெபாலயம் தாக்கப்பட்டால், அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி மன்றாடுங்கள்.

நாடகத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். கறுப்புத் துண்டு கிடையாது, எல்லாருக்கும் ஒரே நிறம். லெந்து தொடங்கும் முன் எங்கள் போதகரிடம் கொடுக்கிறேன். வேறு சபைகளுக்கு வேண்டுமானாலும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை