குப்பை என்று அள்ளிக் கொட்டிய மண்

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டிலிருக்கும் பழைய கல் நகரமான கிரேட் ஜிம்பாப்வேயில் நீ எடுத்து அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 11 மீட்டர் உயர மதில். கருங்கல் மேல் கருங்கல், நடுவில் சுண்ணாம்பு கிடையாது, சாந்து கிடையாது. மேல் விளிம்பில் கோலத்தில் போடும் நெளி மாதிரி கல்லைச் சாய்த்துச் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள். அந்தக் கையை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, இதை நீ வகுப்பில் சொன்னதே இல்லையே" என்று கேட்டிருந்தாய். சரிதான். முப்பது வருஷம் வரலாறு நடத்தினேன். ஆப்பிரிக்கா என்றதும் 'இருண்ட கண்டம்' என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். யாருக்கு இருட்டு என்று ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை. ஐரோப்பாக்காரர்கள் தங்களுக்குத் தெரியாத இடத்துக்கு வைத்த பெயர் அது. அங்கேயே பிறந்து வாழ்ந்தவர்களுக்கு அது எப்படி இருட்டாகும்?

ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். 1871-ல் கார்ல் மௌக் என்ற ஜெர்மானியர் அங்கே போனார். வாசலுக்கு மேலே இருந்த மர விட்டத்தில் ஒரு சிராய் வெட்டிப் பார்த்தார். தன் பென்சில் கட்டை மாதிரியே இருந்ததாம். அப்படியானால் இது லெபனான் கேதுரு மரம், கட்டியவள் பைபிளில் வரும் ஷேபா நாட்டு ராணி என்று முடிவு கட்டிவிட்டார். சுற்றிலும் குடியிருந்த மக்களின் முன்னோர் கட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் நடந்ததுதான் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. 1902-ல் ரிச்சர்ட் ஹால் என்பவரை அந்த இடத்துக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். கறுப்பின மக்கள் வாழ்ந்த அடையாளங்களையெல்லாம் பின்னால் சேர்ந்த குப்பை என்று நினைத்து, அடிக்கணக்கில் மண்ணை வாரி வெளியே கொட்டினார். கட்டியவர்கள் யார் என்பதற்குச் சாட்சியே அந்த மண்தான் கண்ணா. 'குப்பை' என்று பேர் வைத்தபோதே அது போய்விட்டது.

1905-ல் ராண்டல் மெக்கைவர் என்ற தொல்லியலாளர் ஆப்பிரிக்கர்கள் கட்டியதுதான் என்றார். 1929-ல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் என்ற தொல்லியலாளர் கலையாத இடமாகப் பார்த்துத் தோண்டி, அதையே உறுதி செய்தார். ஆனாலும் ரொடீசியாவின் (அந்த நாட்டுக்கு அப்போது அதுதான் பெயர்) வெள்ளையர் ஆட்சிக்கு அது பிடிக்கவில்லை. கையேடுகளில் அப்படி எழுதக்கூடாது என்று நெருக்கினார்கள். பீட்டர் கார்லேக் என்ற தொல்லியலாளர் 1970-ல் நாட்டை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று.

அந்த மக்கள் பேசும் ஷோனா மொழியில் 'ஜிம்பாப்வே' என்ற பெயருக்கே 'கல் வீடுகள்' என்றுதானே அர்த்தம்! 1980-ல் விடுதலை கிடைத்ததும் நாட்டுக்கே அதை வைத்தார்கள். அங்கே கிடைத்த, மாக்கல்லில் செதுக்கிய பறவை தேசியக் கொடியில் ஏறியது. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நம் தமிழும் இதில் சேர்த்திதான். ஷோனா பேசுகிறவர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களைப் 'பழங்குடி' என்று எழுதுகிறோம். அதைவிடச் சின்ன ஐரோப்பிய நாட்டுக்காரர்களை அப்படி எழுதுவோமா? நானும் எழுதியவள்தான். இனி எழுதமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள், உன் படங்களைக் காட்டப் போகிறேன். பெரிய மதிலுக்கும் குன்றின் மேல் உள்ள கட்டடத்துக்கும் அந்த ஊர்ப் பெரியவர்கள் என்ன பேர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது. உச்சரிப்போடு எழுது.

அன்புடன்,
அம்மா