விளையாட்டுப் புள்ளி எப்போது பணமாகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலருக்கு நிகழ்தகவு சொல்லித் தருகிறேன். பாடப்புத்தகப் பகடைகளும் வண்ணப் பந்துகளும் அவர்களுக்குச் சலித்துப்போனதால், வெள்ளைப் பலகையிலேயே ஒரு சிறிய முன்கணிப்புச் சந்தையை அமைத்தேன். ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 1,000 புள்ளிகள் கொடுத்தேன். ‘அடுத்த ஏலத்தில் ஏ பிரிவு சிஓஇ (கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழ்) கட்டணம் 100,000 வெள்ளியைத் தாண்டுமா?’ என்பது போன்ற ஒரு கேள்விக்கு ‘ஆம்’ சீட்டு 70 புள்ளிக்குக் கைமாறினால், அது நடக்க 70 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாக வகுப்பு நினைக்கிறது என்று பொருள். நடந்துவிட்டால் அந்தச் சீட்டுக்கு 100 புள்ளி கிடைக்கும்; நடக்காவிட்டால் எதுவும் கிடைக்காது. தான் உறுதியாக நம்பியது பொய்த்துப்போகும்போது, ‘உறுதி’ என்ற சொல்லை அடுத்த வாரம் சற்றுத் தயங்கியே பயன்படுத்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். நாற்பது ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றும் என்னால் அதை இவ்வளவு எளிதாகப் புரியவைக்க முடிந்ததில்லை.

மூன்றாவது வாரத்தில் எல்லாப் புள்ளிகளையும் இழந்த 13 வயது மாணவன் ஒருவன், வகுப்பு கலைந்த பிறகு என் மேசையருகே வந்து, நான்காக மடித்த ஊதா நிற இரண்டு வெள்ளித் தாளை நீட்டி, “சார், இத வச்சுக்குங்க, இன்னும் ஐந்நூறு புள்ளி மட்டும் போட்டுவிடுங்க சார்” என்றான். நான் வாங்கவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு மாணவியின் தாயார், “அரசாங்கம் முடக்கிய இணையத்தளமும் இதைத்தானே செய்தது, இது சட்டப்படி சரிதானா?” என்று கேட்டபோது அவருக்கு முழுமையான பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அந்தக் கேள்வி என்னைப் போன்ற பலருக்கும் உரியது என்பதால் இதை எழுதுகிறேன்.

அவர் குறிப்பிட்டது, வருங்கால நிகழ்வுகள்மீது பணம் வைத்துக் கணிக்கும் பாலிமார்க்கெட் தளத்தை. 2025 ஜனவரியில் நம் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் அதனை இங்கு முடக்கியது. 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பிலிருக்கும் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, உரிமம் பெறாத நடத்துநரிடம் சூதாடுபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நடத்துபவருக்குத் தண்டனை இன்னும் பல மடங்கு கடுமையானது. அந்தத் தளத்தில் உண்மையான பணத்துக்கு ஈடான மின்னிலக்க நாணயம் புரள்கிறது என்பதால் அதில் ஐயத்துக்கு இடமில்லை. பணமோ பணமதிப்புள்ள ஒன்றோ புழங்குகிறதா என்பதே சட்டம் முதலில் பார்ப்பது. அப்படியானால் வெறும் புள்ளி பணமதிப்பைப் பெறும் இடம் எது?

அமெரிக்காவில் சூதாட்டச் சட்டம் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருப்பதால், இதே கேள்விக்கு மாநிலத்துக்கு மாநிலம் விடை மாறுகிறது. ‘பிக் ஃபிஷ் கேசினோ’ என்ற செயலியில் தொடக்கத்தில் சில்லுகள் இலவசம். தீர்ந்துபோனால் காசு கொடுத்து வாங்கலாம். வென்ற சில்லுகளை நிறுவனத்திடம் கொடுத்துக் காசாக மாற்ற முடியாது. அந்தச் சில்லுகளை வைத்துத்தான் தொடர்ந்து விளையாட முடிகிறது என்பதாலேயே, வாஷிங்டன் மாநிலச் சட்டத்தின்படி அவை மதிப்புள்ள பொருளே என்று 2018இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. வழக்கு 2020இல் 155 மில்லியன் டாலர் சமரசத்தில் போய் முடிந்தது. ஆனால் 2017இல், மேரிலாந்து மாநிலச் சட்டத்தின்கீழ் வந்த வேறொரு விளையாட்டுச் செயலி வழக்கில் நான்காம் வட்டார நீதிமன்றம், காசாக மாற்ற முடியாத மெய்நிகர்ப் பரிசுகளை வைத்துப் பண இழப்பைக் கோர முடியாது என்று தள்ளுபடி செய்தது. முதல் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு அந்த ஊதா நிறத் தாள்தான் கண்முன் வந்தது. அதை நான் வாங்கியிருந்தால், பரிசு எதுவும் தராத என் பலகைகூட வாஷிங்டன் தீர்ப்பு சொல்லும் எல்லைக்கு அருகில் போயிருக்கும்.

முன்கணிப்புச் சந்தைகளுக்கே உரிய எடுத்துக்காட்டும் உண்டு. மானிஃபோல்டு என்னும் அமெரிக்கத் தளம் ‘மானா’ என்ற விளையாட்டுப் பணத்தில் நடக்கிறது. ஒரு காலகட்டத்தில் மானாவை அறநிறுவனங்களுக்கு உண்மையான நன்கொடையாக மாற்ற இடமளித்தது. 2024இல் ரொக்கப் பரிசாக மாற்றக்கூடிய தனி வகைப் புள்ளியைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டது. ஒரே தளம், ஒரே வகைக் கேள்விகள். புள்ளி எங்கே போய்ச் சேர்கிறது என்பது மாறும்போதெல்லாம் அதன் சட்ட நிலையும் சேர்ந்து மாறுகிறது. ஆகவே ‘விளையாட்டுப் பணம்’ என்று பெயர் சூட்டிவிட்டால் போதும் என்று நம் இளையர்கள் எண்ணிவிடக் கூடாது.

இங்கே நமக்கு ஒரே சட்டம் என்பது ஒரு வசதி. ஆனால் பொதுமக்களுக்குத் தெரியாத நுணுக்கங்கள் அதில் உள்ளன. குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் நேரில் கூடி, யாரும் அதைத் தொழிலாக நடத்தாமல் ஆடும் ஆட்டத்துக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அதே நண்பர்கள் அதே ஐந்து வெள்ளியை இணையவழி வைத்து ஆடினால் விலக்கு இல்லை. ஒருவரையொருவர் உண்மையாகவே அறிந்தவர்களா என்பதை இணையத்தில் உறுதிசெய்வது கடினம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காற்பந்துப் போட்டிக் காலத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் ஆளுக்கு ஐந்து வெள்ளி போட்டு முடிவைக் கணிக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? சமூக மன்றமும் வீடு ஆகாது.

புள்ளிகளை வைத்து விளையாடுவதே பிள்ளைகளைப் பந்தயப் பழக்கத்துக்கு இழுத்துச் செல்லும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. அந்த மாணவனின் முகத்தைப் பார்த்தவன் நான். 4டி லாட்டரிக் கடை வரிசையில் சம்பள நாளன்று நின்ற உறவினர்கள் எங்கள் குடும்பத்திலும் இருந்தார்கள். ஆயினும் அன்றைய தவறு சந்தையில் இல்லை, என் விதியில் இருந்தது. புள்ளி தீர்ந்தவனை வெறுங்கையோடு உட்காரவைத்த விதி அது. ஒவ்வொரு மாதமும் எல்லாருக்கும் மீண்டும் 1,000 புள்ளி என்று வைத்திருந்தால் அவன் தன் சட்டைப்பையைத் தொட்டிருக்க மாட்டான். தவிர, சரியான கணிப்புக்குப் பணம் தேவையே இல்லை. அமெரிக்கக் காற்பந்தின் 2003ஆம் ஆண்டுப் பருவத்தில் 208 ஆட்டங்களைக் கொண்டு, பணச் சந்தை ஒன்றையும் புள்ளிச் சந்தை ஒன்றையும் ஒப்பிட்ட ஆய்வில், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு துல்லியமாக இருந்தன. பணத்தை விலக்கிவைப்பதால் பாடத்தில் எதுவும் குறைந்துபோவதில்லை.

அருகிலுள்ள கடைக்காரர் ஒருவர், நல்லெண்ணத்துடன், முதலிடம் பெறும் மாணவருக்கு 50 வெள்ளிப் பற்றுச்சீட்டு தருவதாகச் சொன்னார். நன்றி கூறி மறுத்துவிட்டேன். ஆனால் அதை ஏற்கும் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் இருக்கக்கூடும். தாங்கள் செய்வது வெறும் பரிசளிப்பா, சூதாட்டச் சட்டத்தின் பிடிக்குள் வரும் வேறொன்றா என்று அவர்களுக்கு யார் சொல்வது?

ஆணையத்திடம் நான் வேண்டுவது நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஒரு பக்க வழிகாட்டிக் குறிப்பு. புள்ளிகளை விற்காத, மாற்றாத சந்தை சட்டத்துக்குப் புறம்பானதா? நுழைவு இலவசமாக இருந்து முடிவில் கேடயமோ புத்தகமோ பற்றுச்சீட்டோ கொடுத்தால் நிலை மாறுமா? ஒரு மாணவர் தன் புள்ளிகளை வகுப்புக்கு வெளியே இன்னொருவருக்குக் காசுக்கு விற்றால் பொறுப்பு யாருடையது? இந்த மூன்றுக்கு மட்டும் விடை கிடைத்தாலும் போதும். அதுவரை எங்கள் சனிக்கிழமைச் சந்தையை நிறுத்தி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் தங்கள் கணிப்புகளைக் குறிப்பேட்டில் விழுக்காடாக மட்டும் எழுதி வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
ஈசூன்