பதினொன்றில் ஒன்றை எடுத்து வையுங்கள்: பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். கணினி பழுதுபார்ப்பது என் பிழைப்பு. சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளியிலிருந்து பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வினாத்தாள்கள், மதிப்பெண் பட்டியல்கள், ஆறு ஆண்டுகளின் விழாப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தனவாம். எதையும் மீட்க முடியவில்லை. அதே பள்ளியின் பின்னறையில் பதினொரு பழைய கணினிகள் தூசி படிந்து ஏலத்துக்குக் காத்திருந்தன.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. இன்டெல் செயலி (ப்ராசஸர்) என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே நன்றாக ஓடும் பெட்டிகளும் காயலான் கடைக்குக் கிளம்புகின்றன. அவற்றில் ஒன்றையாவது நிறுத்திவைத்து, பள்ளிக்கான கோப்புக் கிடங்காக மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கோப்புகளைப் பரிமாற வேகமான செயலி தேவையில்லை. டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட ஓப்பன்மீடியாவால்ட் என்ற கோப்புக் கிடங்கு இயங்குதளம் இலவசம். நான்கு ஜிபி நினைவகம் (ரேம்) அதற்குத் தாராளம். அதே வேலைக்கான ட்ரூநாஸ் என்றால் எட்டு ஜிபி கேட்கும். நிறுவியபின் திரையும் விசைப்பலகையும் வேண்டாம். இன்னொரு கணினியின் உலாவியிலிருந்தே எல்லாவற்றையும் நிர்வகிக்கலாம். ஆசிரியர்களின் விண்டோஸ் கணினிகளில் அது சாதாரணக் கோப்புறையாகத் தெரியும். யாருக்கும் புதிதாகப் பயிற்சி தர வேண்டியதில்லை.

செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பெட்டியோடு வந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்பாதீர்கள். புதிதாக இரண்டு வாங்கி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்படி இணையுங்கள். இயங்குதளத்துக்குத் தனியாக ஒரு சிறிய டிஸ்க் போதும். இரட்டை டிஸ்க் இருக்கிறதே என்று அசந்துவிடவும் கூடாது. ஒருவர் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் புகுந்து கோப்புகளைத் திறக்க முடியாதபடி பூட்டினாலும் இரண்டும் பூட்டப்படும். வாரம் ஒருமுறை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அதை வேறொரு கட்டடத்தில் வையுங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், செய்பவர்கள் குறைவு.

மின்கட்டணம் பற்றிக் கேட்பீர்கள். நியாயம்தான். பழைய பெட்டி சும்மா இருக்கும்போதே ஐம்பது வாட் அளவுக்கு இழுக்கும். இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்கு 36 யூனிட். பள்ளி நேரமான எட்டு மணி நேரம் மட்டும், 25 வேலை நாட்களுக்கு என்றால் பத்து யூனிட். மாலையில் முறையாக அணைத்துவிட்டுப் போங்கள். இந்தக் கணக்கால்தான் பதினொன்றையும் இப்படி மாற்றச் சொல்லவில்லை.

சின்ன விஷயம், ஆனால் என்னைத் தேடி வருபவர்களில் பலரை அலைக்கழிப்பது: மதர்போர்டில் உள்ள காசு போன்ற பேட்டரி. பழைய பெட்டியில் அது தீர்ந்திருக்கும். மின்சாரம் போய் வந்தால் தேதியும் அமைப்புகளும் மறந்துபோகும். அதைப் புதிதாக மாற்றி, கூடவே யுபிஎஸ் இணைப்பும் கொடுங்கள். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் நூறு மெகாபிட் வகையானால் நொடிக்குப் பன்னிரண்டு மெகாபைட்டைத் தாண்டாது. ஆவணங்களுக்கு அது போதும், காணொளிகளுக்கு கிகாபிட் ஸ்விட்ச் தேவைப்படும்.

வீட்டிலிருந்தே கோப்பைத் திறக்கலாமே என்று ரவுட்டரில் வழி திறந்துவிடச் சிலர் ஆலோசனை சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். மாணவர்களின் விவரங்கள் பள்ளிச் சுவருக்குள்ளேயே இருக்கட்டும்.

மீதிப் பெட்டிகளை ஏலம் விடுமுன், டிஸ்க்குகளில் இருப்பதை அழிப்பு மென்பொருள் கொண்டு முழுவதும் அழியுங்கள். ஃபார்மேட் செய்தால் மட்டும் போதாது. அதிலிருந்து கோப்புகளை மீட்டெடுத்துத் தருவதே என் தொழிலில் பாதி. பிறகு, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பவரிடம் வேண்டாம்.

பதினொன்றில் எதை நிறுத்திவைப்பது என்று குழம்பினால், நினைவகம் அதிகமுள்ளதை எடுங்கள். உள்ளே மூன்று டிஸ்க் பொருத்த இடமும், அவற்றை மதர்போர்டில் செருகச் சாட்டா இணைப்புகளும் இருக்கின்றனவா என்று மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஒரு கணினி பழுதுபார்ப்பவன்